பகலெல்லாம் அணைத்துவைத்த எஞ்சின்

பழனி தடத்தில் இன்னொரு பாசஞ்சர் விடப்போகிறார்கள் என்ற பேச்சு அடிபடத் தொடங்கியதும், ரயில் ஓட்டுநர்களின் இதழ் ஒன்றுக்கு என்னிடம் கட்டுரை கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே தந்துவிட்டார்கள்: 'ரயில் பெருகினால் காற்று சுத்தமாகும்.' கேட்க வந்த நித்யா இப்போது மின்சார எஞ்சின் ஓட்டுகிறவள். டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாள்.

"சார், டீசல் எஞ்சின நீங்கல்லாம் ஆஃப் பண்ணவே மாட்டீங்களாமே? வண்டி சும்மா நிக்கிற நேரத்துலயும் ஓடிக்கிட்டேதான் இருக்குமாமே, நெசமா?"

உண்மைதான். தலைப்பைவிட இந்தக் கேள்வி எனக்கு வசதியாக இருந்தது. ஓட்டுநர் வேலையில் காற்றைப் பற்றி நான் கொஞ்சமாவது யோசித்திருக்கிறேன் என்றால் அது இந்த விஷயத்தில்தான்.

நான் திண்டுக்கல்காரன். அத்தா தோல் மண்டியில் கணக்கு எழுதினார். ரயில்வேயில் வேலை கிடைத்ததும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வகுப்பில் எஞ்சினின் உறுப்புகளைப் படம் போட்டுக் காட்டினார்கள், பரீட்சை வைத்தார்கள், தேறிவிட்டேன். அங்கே கற்றதில் முக்கால்வாசி மறந்துவிட்டது. மறக்காததெல்லாம் உதவி டிரைவராக இடது பக்க இருக்கையில் உட்கார்ந்த வருஷங்களில் பார்த்தவை.

அப்படிப் பார்த்ததில் ஒன்று எரியோடு ஸ்டேஷனில் நடந்தது. என் டிரைவர் சூசையண்ணன். சரக்கு வண்டி, எதிர் வண்டிக்காக எங்களை ஓரமாக நிறுத்திவைத்திருந்தார்கள். நேரம் ஆகும் என்று தெரிந்ததும், வீணாக எதற்கு எரிய வேண்டும் என்று அண்ணன் எஞ்சினை அணைத்துவிட்டார். சிக்னல் விழுந்தபோது எஞ்சின் கிளம்பவில்லை. பின்னால் வந்த வண்டிகளெல்லாம் தேங்கின. 'எஞ்சின் ஃபெயிலியர்' என்று எழுதி அவர் பெயரைப் போட்டார்கள். விசாரணை, விளக்கம், ஊதிய உயர்வு தள்ளிவைப்பு என்று அது அவரை வெகுநாள் விடவில்லை. அதற்கப்புறம் அவர் எந்த இடத்திலும் எஞ்சினை அணைத்ததில்லை. அவரிடம் கற்ற நானும் அணைத்ததில்லை.

அவர் ஒருவர் கதை அல்ல அது. எல்லா டிரைவருக்கும் ஒரு சூசையண்ணன் இருந்தார். எஞ்சின் கிளம்பாவிட்டால் அதற்கு ஒரு பெயர் உண்டு, அந்தப் பெயருக்குக் கீழே ஓர் ஆள் உண்டு. நாளெல்லாம் நின்றபடி புகை விட்டால் அதற்கு ஆளே கிடையாது. அதனால் நின்றாலும் ஓட விடுவது என்பது எங்களுக்குள் எழுதாத சட்டமாகிவிட்டது. டீசல் எங்கள் அப்பன் வீட்டுச் சொத்தா என்ன?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பழனித் தடத்துக்கு மின்கம்பி வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன், காலையில் பழனியிலிருந்து திண்டுக்கல்லுக்கும், மாலையில் திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கும் ஒரு பாசஞ்சர் சோதனை முறையில் விட்டார்கள். சோதனை என்றால், ஆள் ஏறுகிறதா, நேரத்துக்குப் போகிறதா, புகார் உண்டா என்று பார்த்துவிட்டு, தேறாவிட்டால் நிறுத்திவிடுவார்கள். அந்த வண்டியை முறை வைத்து ஓட்டிய டிரைவர்களில் நான் ஒருவன்.

வண்டி ஓடத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே ஒரு வித்தியாசம் தெரிந்தது. ஒட்டன்சத்திரம் பக்கம் தண்டவாளமும் சாலையும் பல இடங்களில் அருகருகே வரும். எஞ்சினிலிருந்து பார்த்தால் சாலை முழுக்கக் கண்ணில் படும். மார்க்கெட் லாரிகள் எப்போதும்போல் கேரளாவுக்குப் போய்க்கொண்டிருந்தன. அவற்றை எங்கள் வண்டி ஒன்றும் செய்யவில்லை. ஆனால் ஆட்களை அடைத்துக்கொண்டு போகும் வேன்களும், பின்னால் பெண்கள் நின்றுகொண்டு வரும் லோடு ஆட்டோக்களும் காலை நேரத்தில் குறைந்தன. லெவல் கிராசிங்கில் கேட் திறக்கக் காத்திருக்கும் வரிசை சுருங்கியது. அந்த ஆட்களெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் பெட்டிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஓர் எஞ்சின் புகை, அத்தனை வேன் புகைக்குப் பதிலாக. தலைப்பு கொடுத்தவர்கள் இதைத்தான் எழுதச் சொல்கிறார்கள். அது பொய்யில்லை.

அந்தக் கூட்டத்தில் பாலசமுத்திரத்து ருக்குமணி என்று ஓர் அம்மா. கொய்யாக் கூடையோடு பழனியில் ஏறி, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு வாசலில் விற்றுவிட்டு, மாலை வண்டியில் திரும்புவார். எஞ்சினை ஒட்டிய முதல் பெட்டிதான் அவருக்கு. ஏறுவதற்கு முன் என்னைப் பார்த்து, "வண்டிய ஆட்டாம ஓட்டுங்க, பழம் நசுங்கிப் போகுதுங்க" என்பார். என் ஓட்டுதலைப் பற்றி மேலதிகாரிகளைத் தவிர வேறு யாரும் குறை சொன்னதில்லை. அவர் தினமும் சொல்வார்.

காலையில் வந்த வண்டி மாலை வரை திண்டுக்கல்லில்தான் கிடக்க வேண்டும். பிளாட்பாரத்தை அடைத்துக்கொண்டு நிற்க முடியாது. அதனால் ஸ்டேஷனுக்கு அப்பால் இருந்த ஓர் ஒதுக்குத் தண்டவாளத்தில் கொண்டுபோய் நிறுத்துவோம். பிரேக்கைப் பூட்டி, கதவைச் சாத்தி, எஞ்சினை உறுமவிட்டுவிட்டு ஓய்வறைக்குப் போய்விடுவோம். அந்தத் தண்டவாளத்தை ஒட்டி ஒரு காம்பவுண்டுச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தெரு. அந்தத் தெருவின் முதல் வீடு என் தங்கை ஜரினாவுடையது.

ஜரினாவின் வீட்டுக்காரர் யூசுப் மச்சான் இளம் வயதிலிருந்து தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். எங்கள் ஊரில் தோல் பதனிடும் இடத்துக்கு அதுதான் பெயர். சுண்ணாம்புத் தொட்டியும் மருந்து வாடையும் அவர் நெஞ்சை முன்னமே பதம் பார்த்திருந்தன. இழுப்பு வந்தால் கட்டிலில் உட்கார்ந்து, முழங்காலில் கையை ஊன்றி, மூச்சுக்காகக் காத்திருப்பார்.

ஒருநாள் மதியம் சாப்பிடக் கூப்பிட்டாள் என்று போனேன். சோற்றைப் போடாமல் என்னைக் கொல்லைப் பக்கம் கூட்டிப்போனாள். கொடியில் அவளுடைய துப்பட்டி காய்ந்துகொண்டிருந்தது. வெளியே போகும்போது எங்கள் பெண்கள் மேலே போர்த்திக்கொள்ளும் வெள்ளைத் துணி. அதை உருவி என் கையில் கொடுத்தாள். மிளகு தூவியதுபோல் கரும்புள்ளிகள்.

"காலைல தொவைச்சுப் போட்டது, அண்ணே. ஒன் ரயிலு வந்ததால ஊரு காத்து நல்லாருச்சுன்னு பேசிக்கிறாங்க. செத்த நேரம் இங்கன நின்னு பாரு. அம்புட்டும் எங்க வீட்டுக்குள்ளதான் வருது."

செத்த நேரம் நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் என் எஞ்சின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே மச்சான் இருமினார். எஞ்சினில் இருக்கும்போது அந்தத் தடதடப்பை நான் சத்தமாகவே நினைத்ததில்லை.

"எதுக்குண்ணே ஓடுது? ஆளும் இல்ல, அது எங்கயும் போகவும் இல்ல."

"நிறுத்துனா கெளம்பாம போயிரும்மா. வண்டி கெடும்."

"அப்ப வண்டி கெடக்கூடாது, மனுசன் கெடலாம்?"

தெருக்காரர்கள் மனு எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தண்டவாளத்தில் வண்டியை நிறுத்தக்கூடாது என்று மனு. வேறு தண்டவாளம் இல்லை என்பதால், அதற்கு வண்டியையே எடுத்துவிடுங்கள் என்றுதான் அர்த்தம். அதில் ஜரினாவும் கையெழுத்துப் போட்டாள். என் கூட்டாளிகள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "ஒந் தங்கச்சிகிட்ட சொல்லு பாய், அது சொன்னா தெருவே கேக்கும்" என்றார்கள். நான் சொல்லவில்லை. துப்பட்டியைப் பார்த்தபிறகு எந்த வாயால் சொல்வது? ஆனால் மனு ஜெயித்தால் ருக்குமணியும் மற்றவர்களும் திரும்ப லோடு ஆட்டோவில் ஏறுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. அது எனக்கு எரிச்சலாக இருந்தது.

மனு மேலே போய், அங்கிருந்து எங்கள் லோகோ இன்ஸ்பெக்டரிடம் இறங்கி வந்தது. இன்ஸ்பெக்டர் என்றால் டிரைவர்களோடு எஞ்சினில் வந்து வேலையைப் பார்க்கிற மேலதிகாரி. எங்களுடையவர் தங்கவேல், பழனிப் பக்கத்து ஆள். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

தங்கவேல் எஞ்சினில் ஏறினால் உட்காரமாட்டார். டிரைவருக்குப் பின்னால், கைகளை முதுகுக்குப் பின்னே கட்டிக்கொண்டு நிற்பார். தண்டவாளத்தைப் பார்ப்பதில்லை, டிரைவரின் கையைப் பார்ப்பார். உதவி டிரைவரிலிருந்து கண்ணாடி துடைக்கிறவர் வரை எல்லோருக்கும் 'ங்க' போடுவார். தப்பு என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. "ஏனுங்க பாய், அது எதுக்குங்க அப்படி?" என்று கேட்பார், நிஜமாகவே தெரியாதவர்போல. நாம் காரணம் சொல்லத் தொடங்கி, பாதியில் நமக்கே காரணம் இல்லை என்று தெரிந்து நிறுத்துவோம். அதுவரை காத்திருப்பார். திட்டுகிற அதிகாரிகளிடம் எங்களுக்குப் பயம் இல்லை. இவரிடம்தான் பயம்.

மனுவைப் படித்துவிட்டு நேரே ஒதுக்குத் தண்டவாளத்துக்கு வந்தார். சுவர்மேல் எட்டி அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு எஞ்சினைப் பார்த்தார்.

"ஏனுங்க பாய், இது எதுக்குங்க ஓடுது?"

"நிறுத்துனா சாயங்காலம் எடுக்காதுங்க சார்."

"நிறுத்திப் பாத்திருக்கீங்களா?"

"இல்லங்க சார்."

"அப்புறம் எப்படிங்க தெரியும்?"

நான் சூசையண்ணன் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். "சரிங்க, நாளைக்கு நானும் வாரேன். நிறுத்துவோமுங்க" என்றார்.

மறுநாள் காலை வண்டி ஒதுக்குத் தண்டவாளத்துக்குப் போனதும் அவரே எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் செய்யச் சொன்னார். முதலில் கொஞ்ச நேரம் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு ஆறவைத்தோம். கதவைத் திறந்து ஆயில் அளவு, தண்ணீர் அளவு பார்த்தோம். பேட்டரி முள் நல்ல இடத்தில் நின்றது. நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். எஞ்சின் ஒரு குலுங்கு குலுங்கி அடங்கியது. அதற்குப் பின் அங்கே கேட்ட அமைதி எனக்குப் புதிது. சுவருக்கு அப்பால் யாரோ பாத்திரம் கழுவும் ஓசை கேட்டது. பேட்டரி வீணாக இறங்காமலிருக்க அதன் சுவிட்சைத் திறந்து இணைப்பைத் துண்டித்துவிட்டு இறங்கினோம்.

மாலையில் தாராளமாக நேரம் வைத்துக்கொண்டு வந்தோம். அதுவும் தங்கவேல் சொன்னதுதான். சுவிட்சை மூடி, எரிபொருள் பம்ப்பைப் போட்டு, எண்ணெய் ஏறும்வரை காத்திருந்து, ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினேன். எஞ்சின் பாதிச் சுற்று சுற்றி முனகி நின்றது. மறுபடி அழுத்தினேன். முனகல் இன்னும் சின்னதாக வந்தது. பேட்டரி முள் படுத்துவிட்டது. மூன்றாம் முறை ஒரு சொடுக்குச் சத்தம் மட்டும்.

தங்கவேல் இறங்கிப் பேட்டரிப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். பேட்டரியின் பல அறைகள் தண்ணீர் வற்றிக் காய்ந்து கிடந்தன. அவை காய்ந்து எத்தனை நாளாயிற்றோ. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தவரை அதன் மின்சாரமே முள்ளை நிமிர்த்தி வைத்திருந்தது. யாரும் அணைக்கவில்லை, ஆகவே யாருக்கும் தெரியவில்லை.

"பாத்தீங்களா சார், நான் சொன்னேன்ல" என்றேன். கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது.

"ஏனுங்க பாய், இந்த நோவு இன்னைக்கா வந்துச்சு? நேத்தும் இருந்ததுதானுங்களே."

சொல்லிவிட்டு ஃபோனை எடுத்துக் கட்டுப்பாட்டு அறையிடம் பேசினார். "எஞ்சின் ஃபெயிலியருங்க. டிரைவர் பேரு வேண்டாங்க, என் பேரைப் போட்டுக்குங்க. நான் சொல்லித்தான் நிறுத்துனாரு." அவருக்கும் ஊதிய உயர்வு உண்டு, பதவி உயர்வு உண்டு. சூசையண்ணனுக்கு அன்று எரியோட்டில் அப்படி ஒருவர் இல்லை என்பதை நினைத்துக்கொண்டேன்.

யார்டில் நின்ற ஒரு சரக்கு வண்டியின் எஞ்சினைக் கழற்றிக் கொண்டுவந்து எங்கள் வண்டியில் மாட்டினார்கள். பிளாட்பாரத்துக்கு வந்தபோது கூட்டம் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் பேர் பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தார்கள். ருக்குமணி காலிக் கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஏனுங்க, நாளைக்கு வண்டி வருமுங்களா?"

"வரும்மா."

"அது போதுமுங்க. இன்னைக்கி லேட்டானா போகட்டும்."

அன்று பழனிக்குப் போய்ச் சேர்ந்ததும் ஃபோன் மேல் ஃபோன். சோதனை வண்டிக்கு ஒரு ஃபெயிலியர் ஏறிவிட்டது, இன்னொன்று ஏறினால் வண்டிக்கு மங்களம் பாடிவிடுவார்கள் என்றார்கள் கூட்டாளிகள். "பாய், மச்சானுக்காக வண்டியக் காவு குடுத்துறாத. நாளைக்கு ஓடவிடு. எவன் கேக்கப் போறான்?" கடைசியாகத் தங்கவேல் பேசினார். நாளைக்கு வேறு ஸ்டேஷனில் வேலை, வரமுடியாது என்றார். நிறுத்தவா வேண்டாமா என்று கேட்டேன். "உத்தரவு வேணும்னா எழுதித் தாரேனுங்க. ஆனா கை உங்களுதுங்க" என்றார்.

சிக்கல் என்னவென்றால், இப்போது என்னிடம் இருந்தது வேறு எஞ்சின். சரக்கு வண்டியிலிருந்து வந்தது. அதையும் யாரும் எந்நாளும் அணைத்திருக்க மாட்டார்கள். அதன் பேட்டரியும் காய்ந்திருக்கிறதா இல்லையா என்பதை அணைத்துப் பார்த்தால் ஒழியத் தெரியாது.

காலையில் வண்டியை எடுக்கும்போதே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அன்று ஒருநாள் ஓடட்டும்; பேட்டரியைச் சோதிக்க ஆள் வரட்டும்; அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். யோசித்துப் பார்த்தால் அது அறிவுள்ள முடிவுதான். ஒட்டன்சத்திரம் தாண்டியும் அதே முடிவில்தான் இருந்தேன்.

திண்டுக்கல்லில் ஆட்களை இறக்கிவிட்டு, வண்டியை மெதுவாக ஒதுக்குத் தண்டவாளத்துக்குள் கொண்டுபோனேன். எஞ்சின் உயரத்துக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் நன்றாகத் தெரியும். ஜரினாவின் கொல்லைக் கொடியில் துப்பட்டி தொங்கியது. ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. நான் வருகிற நேரம் அவளுக்குத் தெரியும். அன்று துப்பட்டியை என்னிடம் காட்டியதிலிருந்து, மாதக்கணக்காக அந்த நேரத்தில் அவள் அங்கே எதையும் காயப்போட்டதில்லை. நேற்று பகல் முழுக்க எஞ்சின் ஓடவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, இன்றும் ஓடாது என்று நம்பிப் போட்டிருக்கிறாள். மாலையில் பொத்தானை அழுத்தி அழுத்தி நான் பட்ட பாடும் அவள் காதில் விழுந்திருக்கும். அதற்குப் பிறகும் போட்டிருக்கிறாள்.

எஞ்சினை ஆறவிட்டேன். ஆயில் பார்த்தேன், தண்ணீர் பார்த்தேன். "ஏண்ணே, வேணாம்ணே" என்றார் உதவி டிரைவர். பொத்தானை அழுத்தினேன்.

அன்று பகலில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓய்வறையில் புரண்டு புரண்டு படுத்தேன். மாலையில் ஸ்டார்ட் பொத்தானில் விரலை வைத்தபோது வாய் தன்னால் பிஸ்மில்லா சொன்னது. எஞ்சின் ஒரு முக்கு முக்கி, கரும்புகையை ஒரே மூச்சில் கக்கி, பிடித்துக்கொண்டது. உதவி டிரைவர் சிரித்துவிட்டார். எனக்குக் கண் கலங்கியது. சுவருக்கு அப்பால் பார்த்தேன். கொடி காலியாக இருந்தது. புகை வருமுன்னே துணியை எடுத்துவிட்டிருந்தாள். எவ்வளவு நம்பினாலும் ஜரினா முட்டாள் இல்லை.

அதன் பிறகு தங்கவேல், அந்த வண்டிக்கு வரும் எஞ்சின்களின் பேட்டரியை முன்கூட்டியே பார்த்து அனுப்பும்படி செய்தார். ஒவ்வொரு நாளும் அணைத்தோம். ஒவ்வொரு மாலையும் எடுத்தது. முறைக்கு வந்த மற்ற டிரைவர்கள் முணுமுணுத்துக்கொண்டே பழகினார்கள். சோதனை வண்டி நிரந்தர வண்டியானது. ஜரினாவிடம், இனிமேலாவது மனுவைத் திரும்ப வாங்கிக்கொள் என்றேன். "கெடக்கட்டும்ணே, அதுபாட்டுக்கு. நீ இருக்கும்போது சரி. நாளைக்கி வேற எவனாச்சும் வந்தா?" என்றாள். வாங்கவே இல்லை.

யூசுப் மச்சான் மின்கம்பி வருவதற்கு முந்தைய வருஷம் போய்விட்டார். தோல் ஷாப்பா, பீடியா, என் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த அந்த மாதங்களா, எது அவரைக் கொண்டுபோனது என்று டாக்டரும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. சில நாள் கேட்டிருக்கலாம் என்று தோன்றும்.

நித்யா வந்துபோனதற்கு மறுநாள் ஜரினா வீட்டுக்குப் போனேன். இன்னொரு வண்டி வரப்போகிறது, அதுவும் உன் சுவரோரம்தான் நிற்கும் என்றேன்.

"கரண்டு வண்டியா?"

"ஆமா. பொகையே கெடையாது."

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "அந்தக் கரண்டு எங்கருந்து வருது?"

"கொஞ்சம் உடுமலைப் பக்கம் காத்தாலைல இருந்து வருது. நெறைய, எங்கயோ கடலோரமா நிலக்கரி எரிக்கிறாங்கள்ல, அங்கருந்து."

"அதுக்குப் பக்கத்துல தெரு இருக்கா?"

"இருக்கும்."

"அங்க எவளாச்சும் மனுக் குடுத்திருக்காளா?"

தெரியவில்லை என்றேன். வண்டி வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. வரட்டும், நல்லதுதான் என்றாள். மடித்த துப்பட்டியை அலமாரியில் வைத்துவிட்டு, "ஒன் கட்டுரைல இதயும் கேட்டு எழுது" என்றாள்.

எழுதிவிட்டேன்.